பவுனுக்குப் போடாத ஊசி

என் மகனே, சலாம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் நீயே சிரிப்பாய். பக்கத்து அறையில்தான் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். பெட்டியைத் தூக்கி எடை பார்ப்பதும், கூடிவிட்டது என்று முனகுவதும், உன் உம்மா திணித்த ஊறுகாய் பாட்டிலை அவள் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து வெளியே எடுப்பதும் எனக்குக் கேட்கிறது. பத்தடி தூரத்தில் இருப்பவனுக்குக் கடிதம் எழுதுகிறவன் ஒன்று ஊமையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கோழையாக இருக்க வேண்டும். நான் ஊமையில்லை என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். இதை உன் சட்டைகளுக்கு நடுவே வைக்கப் போகிறேன். வேலைக்காக வெளிநாடு போய்ச் சேர்ந்தபின் பிரித்துப் படி. படித்தபின் மறைத்து வைக்க வேண்டாம். உன் மனைவி படிக்கட்டும். அந்தக் குதிரை ஆஸ்பத்திரியில் உன்னோடு வேலை செய்கிறவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களும் படிக்கட்டும். முப்பது வருடம் நான் ஒருவனே மறைத்து வைத்திருந்தது போதும்.

நேற்று மதிய விருந்தில் வட்டலப்பம் முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் உன் உம்மா வழக்கம்போல ஆரம்பித்துவிட்டாள். ஐப்பசி வெள்ளம், பஸ் இல்லை, பிரசவ வலி, ஜட்கா வண்டி, நீ பிறந்த கதை. நானும் வருடா வருடம் கேட்கிறேன். வருடத்துக்கு ஒரு அடி அந்த வெள்ளம் ஏறிக்கொண்டே இருக்கிறது. முதலில் குதிரையின் முழங்கால் வரை இருந்த தண்ணீர் நேற்று அதன் கழுத்துக்கு வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். "குதிரை கொண்டாந்து எறக்குன புள்ள, குதிர டாக்டராத்தானே ஆவான்" என்று நீ சொன்னாய். அப்போது உன் மச்சான் என் பக்கம் திரும்பி, "அந்தக் குதிரை அப்புறம் என்னாச்சு மாமா?" என்று கேட்டார். "ரொம்ப நாள் இருந்துச்சு தம்பி. வயசாகிப் போய்ச் சேந்துச்சு" என்றேன். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னேன். இந்தப் பொய்யை எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. உன் உம்மாவிடமும் இதையேதான் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பிச் சந்தோஷமாக இருக்கிறாள்.

போன வாரம் நீ இன்னொரு கேள்வி கேட்டாய். வேலைக்கான நேர்காணலில் உன்னிடம் கேட்டார்களாம்: "குதிரைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, லேபில் ஒன்றும் வளரவில்லை, எந்த ஆண்டிபயாட்டிக்கில் ஆரம்பிப்பாய்?" நீ ஏதோ பதில் சொல்லி வேலையும் வாங்கிவிட்டாய். ஆனாலும் என்னிடம் வந்து, "நீங்களா இருந்தா என்ன போடுவீங்க வாப்பா?" என்றாய். "புத்தகத்துல இல்லாததா என்கிட்ட இருக்கப் போவுது" என்று சிடுசிடுத்துவிட்டு எழுந்து போனேன். நீ முகம் சுருங்கி நின்றதைப் பார்த்துக்கொண்டேதான் போனேன். உன் கேள்விக்கும் உன் மச்சான் கேள்விக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

நீ பிறந்தபோது நான் திருவாரூருக்குக் கிழக்கே, வெட்டாற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் அரசாங்க மாட்டாஸ்பத்திரி டாக்டர். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். புதுக் கட்சி ஆட்சிக்கு வந்த புதிது. சுவரெல்லாம் கறுப்பு சிவப்பு. வயல் பக்கம் போனால் வரப்புக்கு வரப்பு செங்கொடி. அறுப்புக் கூலியில் கலத்துக்கு அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள், பண்ணைகள் தர மறுத்து வெளியூர் ஆட்களை இறக்கின. பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம். யார் வீட்டு மாட்டுக்கு முதலில் வைத்தியம் பார்த்தேன் என்பதைக்கூட ஊர் கவனித்த காலம் அது.

அங்கே ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தவர் பக்கிரி. நம் நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளைக்கு இந்துக் குடும்பங்களில் வைக்கிற பெயர், உனக்குத் தெரியும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் என்னை 'வாங்க போங்க' என்பார், நான் அவரை 'வா போ' என்பேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை. அவர் பரம்பரையாகப் பண்ணையாள். ஒருநாள் வேலைக்குப் பிந்தி வந்ததற்காகக் களத்தில் வைத்து எல்லோர் முன்னாலும் அடித்தார்கள். மறுநாள் கிளம்பிப் போய், எப்படியோ ஒரு பழைய வண்டியையும் செம்பட்டை நிறத்தில் ஒரு பெண் குதிரையையும் பிடித்து வந்தார். குதிரைக்குப் பவுனு என்று பேர் வைத்தார். "மாட்டுக்குப் பின்னாடி நடந்தது போதுங்கய்யா. இனிமே குதிரைக்குப் பின்னாடி உக்காந்து போவேன்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். பவுனு நிற்கிறவரை அவர் பண்ணை வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. பவுனு விழுந்தால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று பின்னால் நினைத்துவிடாதே, அதற்காகத்தான் முதலிலேயே சொல்கிறேன்.

உன் உம்மா சொல்கிற கதையில் தண்ணீரின் ஆழம் மட்டும்தான் பொய், மற்றதெல்லாம் நிஜம். தலைப்பிள்ளைக்கு ஏழாம் மாதமே அவள் நாகூருக்குத் தாய்வீடு போயிருக்க வேண்டியவள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். ஐப்பசி அடைமழையில் ரோடு உடைந்து பஸ் நின்ற அன்று காலை அவளுக்கு நாள் ஆகும் முன்பே வலி கண்டுவிட்டது. பக்கிரி தானாகவே வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். ரோட்டை விட்டு வயல் கரையோடு போனோம். மதகடியில் கரை உள்வாங்கி வண்டி சேற்றில் இறங்கியது. மீனுக்காக யாரோ தண்ணீருக்குள் அடித்து வைத்திருந்த மூங்கில் முளை பவுனின் வலது பின்னங்காலில், குளம்புக்கு மேலே, குத்திக் கிழித்தது. அது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு கத்தியது. பக்கிரி முழங்காலளவு சேற்றில் குதித்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நின்னுடாதடி எந் தாயி, பிரசவத்துக்குப் போறோம்டி, நின்னுடாத" என்று கெஞ்சினார். அது நிற்கவில்லை. ரத்தக் காலோடு நாகப்பட்டினம் பெரியாஸ்பத்திரி வரை இழுத்து வந்தது. அன்று பிற்பகல் நீ பிறந்தாய். நான் சர்க்கரை வாங்க ஓடினேன். வெளியே வண்டியடியில் பவுனு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. மாட்டு டாக்டர் நான், அதைக் கடந்து இரண்டு தரம் போய் வந்தேன், குனிந்து பார்க்கவில்லை.

நாலாம் நாள்தான் காலைப் பார்த்தேன். பெர்மாங்கனேட் தண்ணீரால் கழுவி மருந்து வைத்தேன். மேலே தோல் நன்றாக மூடிக்கொண்டது. கார்த்திகையில் பக்கிரி திரும்ப அழைத்து வந்தபோது குதிரைக்குக் காய்ச்சல். கால் வீங்கி, தொடையின் உட்புறம் கோத்த மணி மாதிரி வரிசையாகக் கட்டிகள். ஒன்று பழுத்திருந்தது. அன்று சந்தை நாள், மருந்தக வாசலில் இருபது பேர் மாட்டோடு நிற்கிறார்கள். என் கம்பவுண்டர் கோவிந்தராசு, படிப்பு அதிகமில்லாதவர், மெல்ல என் காதருகே, "சார், ஊசிக்கு முன்னாடி கொஞ்சம் சீழ எடுத்து வச்சிக்குவமா?" என்றார். இந்தச் சீமையில் ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை, உனக்குத் தெரியும். வந்தவுடன் சிரிஞ்சை எடுத்தால்தான் கைராசிக்காரன். இருபது பேர் பார்க்கும்போது சீழை எடுத்துப் பாட்டிலில் அடைத்து, லேபுக்கு அனுப்பிவிட்டுக் காத்திரு என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "அதெல்லாம் அப்புறம். பென்சிலின எடு" என்றேன். மகனே, என் முதல் தப்பு அதுதான். புண்ணில் இருப்பவன் யாரென்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தச் சீழ். முதல் ஊசியிலேயே நான் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

பென்சிலினுக்குக் காய்ச்சல் இறங்கியது. இதைக் கவனித்துப் படி, ஏனென்றால் நீயும் இதில் ஏமாறுவாய். புண்ணில் பல கிருமிகள் இருக்கும். மருந்துக்குப் பணிகிறவை செத்ததும் காய்ச்சல் இறங்கும், வீக்கம் வாடும், நீ மீசையைத் தடவிக்கொள்வாய். பணியாதது உள்ளே உட்கார்ந்திருக்கும். அஞ்சாம் நாள் நிறுத்தினேன். பத்தாம் நாள் பவுனு மறுபடி கொதித்தது. ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்தேன். மூன்று நாள் பார்த்துவிட்டு அதையும் மாற்றி சல்ஃபா கொடுத்தேன். எந்த மருந்துக்கும் நான் உரிய நாள் கொடுக்கவில்லை. அது சீழ்க்கட்டிக்குள் நுழையுமா, வாசலிலேயே நின்றுவிடுமா என்றும் யோசிக்கவில்லை. பயத்தில் மருந்து மாற்றினேன். அதற்குப் பிறகுதான் கட்டியைக் கீறிச் சீழ் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினேன். 'கிருமி எதுவும் வளரவில்லை' என்று பதில் வந்தது. கோவிந்தராசு அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "மூணு மருந்த ஊத்தி அடிச்சுப்புட்டு, அப்புறம் அனுப்பி ஆரு என்னன்னு கேட்டா அவன் என்ன சார் சொல்லுவான்?" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடச் சொன்னாலும் செய்வேன்.

அலமாரியில் இன்னொரு மருந்து இருந்தது. ஆக்ஸிடெட்ராசைக்ளின், ஆறு பாட்டில். மாடுகளுக்குத் தொண்டை அடைப்பான் வந்தால் போடுவதற்காக மேலிடம் அனுப்பியது. அதைக் குதிரைக்குப் போட எனக்குப் பயம். பயம் பொய்யில்லை, குடலைக் குலைத்துப் பேதியாக்கி, நன்றாக இருந்த குதிரையையே அந்த மருந்து சாய்த்துவிடும் என்று படித்திருந்தேன். கல்லூரியில் ஒரு குதிரை அப்படிப் போனதைப் பார்த்தும் இருந்தேன். ஆனால் பவுனு நன்றாக இருந்த குதிரை இல்லையே. எலும்பும் தோலுமாகிக் கொண்டிருந்தது. ஆபத்தான மருந்தும் உறுதியான சாவும் எதிரெதிரே நிற்கும்போது கணக்கு வேறு என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்துதான் தெரிய வேண்டுமா என்று நீ கேட்கலாம். கேள்.

அந்த நாட்களில் பக்கிரி ஒருநாள் சவாரியாக நாகூர் வந்துபோனவர், மடியிலிருந்து வெற்றிலையில் சுற்றிய ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். தர்கா வாசலில் விற்கிற நேர்த்தித் தகடு, மெல்லிய வெள்ளியில். கால் உரு அடித்தது. "குதிரைக் கால் போட்டது கெடைக்கலங்கய்யா. மனுசக் கால்தான் இருந்துச்சு. ஆண்டவருக்குத் தெரியாதா, எந்தக் காலுன்னு" என்றார். "பவுனுக்குக் கால் நல்லானதும் ஒங்க கையாலயே உண்டியல்ல போட்டுருங்க. வெள்ளிக்கெழம ஊருக்குப் போறவரு நீங்க." நான் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மார்கழி முடிவில் தகராறு முற்றியது. பக்கிரியின் வண்டி யார் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். முகாமில் பிடித்து வைத்திருந்தவர்களுக்குச் சோறு போனது அதில்தான், அடிபட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதில்தான். நொண்டிக் குதிரையை வைத்துக்கொண்டு அதையும் செய்தார். பண்ணையிலிருந்து ஒரு மனு போயிற்று: அந்தக் குதிரைக்குத் தொற்றுநோய், மனிதர்களுக்கும் பரவும், டாக்டர் நடவடிக்கை எடுக்கவில்லை. குதிரையின் சுரப்பிகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் என்ற நோயை நீ அறிவாய். மனிதனுக்கும் தொற்றும். வந்தால் வைத்தியம் கிடையாது, கொல்ல வேண்டும், அதுதான் சட்டம். பார்வைக்குப் பவுனின் கட்டிகள் அப்படித்தான் இருந்தன, மூக்கிலும் ஒழுக ஆரம்பித்திருந்தது. கீழ் இமையில் சோதனை ஊசி போட்டேன். இரண்டாம் நாள் போய்ப் பார்த்தபோது இமை கொஞ்சம் தடித்திருந்தது. சீழ் இல்லை. அப்படி இருந்தால் 'சந்தேகம்' என்று எழுதி, சில வாரம் விட்டு மறுபடி சோதிக்க வேண்டும். கையேட்டில் அந்த வரி எந்தப் பக்கத்தில் இருந்தது என்று இப்போதும் சொல்வேன்.

அன்று சாயங்காலம் பண்ணையின் காரியக்காரர் வந்தார். மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். "டாக்டர் சார், பச்சப் புள்ள வச்சிருக்கீங்க. அந்தக் குதிரை ஒங்க வாசல்லதான் வந்து நிக்கிது, அவன் கைதான் ஒங்க கதவத் தட்டுது. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஒங்களுக்காகச் சொல்றோம்" என்றார். உள்ளே நீ அழுதாய். அறுபது நாள் குழந்தை. நான் 'சந்தேகம்' என்று எழுதவில்லை. 'நோய் உறுதி' என்று எழுதினேன். உனக்காகத்தான் எழுதினேன் என்று ரொம்ப வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்காகக் கொஞ்சம். பண்ணைக்குப் பயந்து மீதி. வாய் பேசாத குழந்தையைக் காரணமாகக் காட்டுவது சுலபம், அது மறுத்துப் பேசாது.

மறுநாள் காலை வெட்டாற்றுப் படுகையில் முகாம் போலீஸ்காரர் ஒருவர் துப்பாக்கியோடு வந்தார். பவுனு வேறு யார் பிடித்தாலும் நிற்கவில்லை. பக்கிரியையே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அவர் தோள் துண்டை எடுத்து அதன் கண்ணைக் கட்டினார். பிறகு என்னைப் பார்த்து, கெஞ்சாமல், விவரம் கேட்கிறவர் போலக் கேட்டார்: "அலமாரில இன்னொரு மருந்து இருக்குன்னு கம்பவுண்டரு சொன்னாருங்களே. சாவத்தானே போவுது. அத ஒண்ண போட்டுப் பாக்க முடியாதாய்யா?"

"அது மாட்டு மருந்து. குதிரைக்கு ஆவாது" என்றேன்.

"அப்பச் சரிங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என்னை நம்பினார். துப்பாக்கிச் சத்தம் எனக்கு ஞாபகமில்லை, அந்த "அப்பச் சரிங்க"தான் ஞாபகம் இருக்கிறது. குழியில் சுண்ணாம்பு கொட்டி மூடினோம். விதிப்படி சேணத்தையும் வண்டியையும் கொளுத்த வேண்டும். அதையும் நானே எழுதியிருந்தேன். உன் உம்மா உன்னை வயிற்றில் பிடித்துக்கொண்டு படுத்திருந்த பலகை அது. ஈரத்தில் உடனே பற்றவில்லை. பக்கிரியே வைக்கோல் கொண்டுவந்து போட்டார். "புள்ள நல்லாருக்காங்களாய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தை அறுப்பில் அவரைப் பண்ணை வயலில் பார்த்தேன். வெளியூர் ஆட்களோடு சேர்ந்து அரிவாளும் கையுமாக நின்றார். கூலி கூட்டிக் கேட்ட அவருடைய சொந்தத் தெருக்காரர்கள் கரையில் நின்று காறித் துப்பினார்கள். அவர் நிமிரவில்லை. பண்ணை அவரை வேண்டுமென்றே ரோட்டோரத்து வயலில் விட்டிருந்தது, எல்லோரும் பார்க்கட்டும் என்று. நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.

அடுத்த ஐப்பசி நடவு முடிந்த சமயம் அவர் மருந்தகத்துக்கு வந்தார். மாடு இல்லை, தனியாக. காய்ச்சல், இருமல், வலது கால் வீங்கித் தொடையில் கட்டி. "பெரியாஸ்பத்திரில யானைக்கால் சொரம்னு சொன்னாங்க. அப்புறம் நெஞ்சுல சளின்னாங்க. ஊசி போட்டா ரெண்டு நாள் எறங்குது, மறுக்கா ஏறுது. நீங்க ஒருக்கா பாருங்கய்யா. ஒங்களுக்குப் பவுனப் பாத்து தெரியும்ல" என்றார். மகனே, அவர் கண்டுபிடித்துவிட்டார். படித்த நான் சொல்லாததைப் படிக்காத அவர் சொல்லிவிட்டார். நான் ஒரு துண்டுக் காகிதத்தில், 'இவர் வளர்த்த குதிரைக்கு இதேபோல் வந்தது; பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கேட்கவில்லை; வேறு மருந்து யோசிக்கவும்' என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். மூன்று வரி. எழுதினால் கேட்பார்கள்: கிளாண்டர்ஸ் குதிரையோடு இருந்த மனிதனை ஏன் ஒரு வருடம் கவனிக்கவில்லை? கிளாண்டர்ஸ் இல்லை என்றால் ஏன் கொன்றாய்? அந்தக் கேள்விகளுக்குப் பயந்து, "நான் மாட்டு டாக்டர் பக்கிரி. நீ பெரியாஸ்பத்திரிக்கே போ" என்று அனுப்பினேன். அங்கே என்ன போட்டார்கள் என்று எனக்குத் தெரியும், நான் போட்டதைத்தான். பொங்கலுக்கு முன் இறந்துபோனார். அவருக்குப் பிள்ளை கிடையாது. மனைவி முன்பே இறந்துபோனவள். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு ஒரு வாசல் இல்லாமல் போயிற்று.

சில வருடம் கழித்து மேற்படிப்புக்குப் போன இடத்தில், நெல் வயல் சேற்றில் வாழும் ஒரு கிருமியைப் பற்றி ஆசிரியர் பாடம் எடுத்தார். காயத்தின் வழியாக நுழையும். குதிரைக்கும் வரும், மனிதனுக்கும் வரும். பார்க்க கிளாண்டர்ஸ் மாதிரியே இருக்கும், இமைச் சோதனையையும் ஏமாற்றும். பென்சிலினையும் ஸ்ட்ரெப்டோமைசினையும் சட்டை செய்யாது. டெட்ராசைக்ளினை மாதக்கணக்கில் விடாமல் கொடுத்தால் சிலது பிழைக்கும். நான் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பேனா நின்றுவிட்டது. பவுனுக்கு வந்தது அதுதானா? தெரியாது. ஆக்ஸிடெட்ராசைக்ளின் போட்டிருந்தால் பிழைத்திருக்குமா? தெரியாது, பேதியாகிச் செத்தும் இருக்கலாம். அதைச் சொல்லியிருக்கக்கூடிய சீழை நான்தானே கெடுத்தேன். அந்தத் தெரியாமைதான் மகனே என்னைத் தின்கிறது. தப்பு என்று உறுதியானாலாவது அழுது தீர்த்திருப்பேன். இந்தத் தெருவில் ஜட்கா நின்றுபோய் எத்தனையோ வருடமாயிற்று; ஆனால் ஐப்பசி பிறந்தால், மதியம் லுஹர் தொழுது வந்து சாய்ந்திருக்கும்போது எனக்குக் குளம்படி கேட்கிறது. மூன்று அடி அழுத்தமாக, நாலாவது இழுத்து. நான் எழுந்து வாசலுக்குப் போவேன். தபால்காரனைப் பார்க்கப் போகிறேன் என்று உன் உம்மா நினைத்துக்கொள்கிறாள்.

நீ போகிற இடத்தில் குதிரைக்குக் குளிரூட்டிய லாயம், பக்கத்திலேயே லேப், நான் பேர்கூடக் கேள்விப்படாத மருந்துகள். அங்கேயும் ஒருநாள் காய்ச்சல் விட்டு விட்டு வரும், லேப் கையை விரிக்கும், குதிரைக்குச் சொந்தக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார். அப்போது என்ன மருந்து போடுவாய் என்று நான் சொல்ல மாட்டேன், அது என்னைவிட உனக்குத் தெரியும். முதல் ஊசிக்கு முன் சீழையோ ரத்தத்தையோ எடுத்து வை, எவ்வளவு பேர் வாசலில் நின்றாலும். ஒன்றைத் தொடங்கினால் அதற்குரிய நாளைக் கொடு; பயந்து மாற்றாதே. குதிரை எந்த மண்ணில் நடந்தது, எந்தத் தண்ணீரில் இறங்கியது என்று அதை ஓட்டுகிறவனிடம் கேள், 'நீங்க' என்று சொல்லிக் கேள். அவனுக்கே உடம்பு எப்படி என்றும் கேள். தெரியவில்லை என்றால் 'தெரியவில்லை' என்று எழுது. அந்த ஒரு சொல்லை எழுதக் கை கூசியவன்தான் உன் வாப்பா.

அந்த ஆறு பாட்டில்களும் என்ன ஆயிற்று என்று கேட்டாயானால், அந்த வருடம் தொண்டை அடைப்பான் வரவில்லை. பக்கிரி இறந்த இரண்டாம் மாதம் மருந்துக்குத் தேதி முடிந்தது. விதிப்படி நானே கையெழுத்துப் போட்டு, மருந்தகத்துக்குப் பின்னால் ஒவ்வொன்றாக உடைத்துக் கொட்டினேன். கோவிந்தராசு பக்கத்தில் நின்று பார்த்தார்.

இந்தக் கடிதத்தோடு தகடும் இருக்கிறது. வெற்றிலை உதிர்ந்துவிட்டது, வெள்ளி கறுத்துவிட்டது. கால் நல்லானால் போடச் சொன்னார். எந்தக் காலும் நல்லாகவில்லை, அதனால் நான் போடவில்லை. இங்கிருந்து தர்கா ஐந்து நிமிட நடை, முப்பது வருடமாக என்னால் நடக்க முடியவில்லை. நீ வைத்துக்கொள். உன் கையால் ஒரு குதிரை, லேப் கைவிட்ட ஒன்று, பிழைத்து எழுந்து நடந்தால், லீவில் வரும்போது நீ போய்ப் போடு. ஆண்டவருக்குத் தெரியும், எந்தக் காலென்று.

அப்போதும் விருந்து நடக்கும். வட்டலப்பம் முடிந்ததும் உன் உம்மா வெள்ளத்தை இன்னும் ஒரு அடி ஏற்றுவாள். யாராவது ஒருவர், "அந்தக் குதிரை அப்புறம் என்னாச்சு?" என்று கேட்பார்கள். நான் வெற்றிலைக் காம்பைக் கிள்ளத் தொடங்கினால், என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொல்லிவிடு.

உன் வாப்பா